ஆச்சியின் ரேடியோவுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

தமிழில் கிறிஸ்தவ வானொலி நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

ஸ்தோத்திரம். முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சி பீடி சுற்றியே ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றியவள். மடியில் சொளவு (முறம்), சொளவில் இலையும் தூளும், திண்ணையில் ரேடியோ. எழுத்துத் தெரியாது, ஆனால் 91ஆம் சங்கீதத்தைத் தட்டாமல் சொல்லுவாள். பாதி ஐயர் சொல்லித்தந்தது (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்), மீதி ரேடியோ சொல்லித்தந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்தெல்லாம் வந்தது! 1970இல் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவில் ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி தொடங்கியது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலி. 1978 முதல் இலங்கைப் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ, மத்திய அலை (மீடியம் வேவ்) 882 கிலோஹெர்ட்ஸ். ஃபீபாவும் வேரித்தாஸும் வந்த சிற்றலையில் (ஷார்ட் வேவ்) பாட்டு அலை மாதிரி ஏறி இறங்கும். புத்தளம் அப்படியில்லை. மத்திய அலை உப்புத் தண்ணீர்மேல் அவ்வளவாகத் தேயாது. நடுவில் மன்னார் வளைகுடாதானே.

2003இல் செஷல்ஸ் ஒலிபரப்பு நின்றது. 2018இல் வேரித்தாஸும் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. சரி, அந்த டிரான்ஸ்மிட்டர்கள் கரண்டைக் குடிக்கும், கேட்கிற ஆளும் குறைந்துவிட்டது. ஆப் வந்தது வளர்ச்சிதான், மறுக்கவில்லை. என் போனில் போட்டு ஆச்சியிடம் கொடுத்தேன். தூள் படிந்து, இலை மடக்கித் தேய்ந்த விரலுக்குத் திரை மசியவே இல்லை. இரண்டு தடவை யாருக்கோ போன் போய்விட்டது. "இந்தா, நீயே வச்சுக்கோ" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

எஃப்.எம். வையுங்கள் என்று கேட்கவில்லை. இங்கே மத அமைப்புகளுக்குத் தனியார் எஃப்.எம். உரிமம் கிடையாது என்று தெரியும். மத்திய அலையில் மிச்சமிருக்கும் தமிழ் நேரத்தில் கை வைக்காதீர்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பிக் கூப்பிட்டு நிகழ்ச்சியை ஒலிக்கவிடுங்கள், பட்டன் போனுக்கு அது போதும். மாதம் ஒரு மெமரி கார்டு கோயிலுக்கு வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்களே வீடு வீடாகக் கொடுப்போம்.

அப்புறம், முன்னெல்லாம் நேயர் கடிதம் வாசிப்பீர்களே, அதை ஏன் குறைத்தீர்கள்? ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்ட கடிதத்தில் அவள் பெயரும் ஊரும் ஒருநாள் ரேடியோவில் வந்தது. அன்றைக்கு இரண்டு கட்டு பீடி குறைந்துபோனது.

பதில் போடுவதானால் ஆச்சி பெயருக்கே போடுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பேரன்