அண்ணனின் நோயும் சித்தியின் நோயும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

'எனக்கும் வருமா?' என்று கேட்டிருக்கிறாய். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால், வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் நாட்டு இரட்டையர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஒரு கணக்கு, இந்த நோயில் பரம்பரையின் பங்கை 57 சதவீதம் என்கிறது. அதைப் படித்து, உனக்கு வர 57 சதவீத வாய்ப்பு என்று பயந்துவிடாதே. அது ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கைச் சொல்லும் கணக்கு; தனி ஒருவருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லாது.

பெரும்பாலானவர்களிடம் ஒரே ஒரு மரபணு இதைச் செய்வதில்லை. 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 8-ஆவதில் ஆபத்தைக் கூட்டும் ஒரு பகுதியைக் கண்டார்கள். பிறகு இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் கூட்டும். இவற்றைச் சேர்த்து மதிப்பெண் போடும் சோதனைகளும் உண்டு. ஆனால் அடிப்படைத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுடையது. அந்த மதிப்பெண்ணை நம்பி நீ பணம் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

என் கவலை உன் அம்மாவின் தங்கை, சித்தியைப் பற்றியது. சின்ன வயதிலேயே மார்பகப் புற்றுநோயில் போனாரே, அதை அண்ணனின் மருத்துவரிடம் யாராவது சொன்னீர்களா? பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பிறழ்வு, அதாவது கெடுதல் தரும் மாற்றம், இருந்தால் பெண்களுக்கு மார்பகம், சினைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆண்களுக்கு அதே பிறழ்வு புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். இளவயதில், வேகமாகப் பரவும் வகையாகவும் வரலாம். அந்த மரபணு, ஆண் பெண் பாலினத்தோடு சேராத 13-ஆம் குரோமோசோமில் இருப்பதால், அம்மாவிடமிருந்து மகனுக்கும் அப்பாவிடமிருந்து மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போகும். அம்மாவுக்கு நோயே வராமலும் இருக்கலாம்.

அதனால்தான், ஆம்பளை நோய் என்று பெண் பிள்ளைகளிடம் நீங்கள் மறைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் மகளுக்கும் அண்ணன் மகளுக்கும் இது கட்டாயம் தெரிய வேண்டும். முதலில் அண்ணன் மரபணுச் சோதனை செய்துகொள்ளட்டும். அவரிடம் பிறழ்வு கிடைத்தால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அவருக்கும் பயன் உண்டு: பின்னால் நோய் பரவினால், இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு ஓலாபரிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றி நீ ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் பேசு. அளவு கூடினாலே புற்றுநோய் என்றில்லை. சுரப்பி வீங்கினாலும் தொற்று வந்தாலும் கூடும்.

அண்ணனின் பயாப்ஸி (திசுச் சோதனை) அறிக்கையில், நோய் எவ்வளவு வேகமானது என்று காட்டும் கிளீசன் என்று ஒரு எண் இருக்கும், அதை எழுது. சித்திக்கு எந்த வயதில் வந்தது, அம்மா வழியில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அம்மாவிடம் பக்குவமாகக் கேள். அவருக்கு என் வணக்கம். அடுத்த மாதம் அண்ணனைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
கதிர்