ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்திருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் நீ கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், உன்னைப் போலப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் படிக்கட்டும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள், நீயும் ஹெச்.எம்.மும் இரண்டே பேர், அவரும் பாதி நாள் பதிவேடு, மீட்டிங் என்று ஓடிக்கொண்டிருக்கிறார், இதில் பிள்ளைகளே கையால் செய்து கற்கும் செயல்பாடு எல்லாம் வைக்க நேரம் எங்கே அக்கா என்று கேட்டாய். எனக்கென்னவோ உன் பள்ளி மாதிரி இடத்தில்தான் அது சுலபமாக நடக்கும் என்று படுகிறது.

யோசித்துப் பார். நம் ஊரில் செயல்வழிக் கற்றல் வந்ததே ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியில் இருந்துதான். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும் கிராமத்துப் பள்ளிகளுக்காக அங்கே உருவாக்கிய பாட அட்டைகளையும், எதற்குப் பிறகு எதைக் கற்பது என்று காட்டும் ஏணிப்படி அட்டவணைகளையும் பார்த்துவிட்டு வந்து, 2003ல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் தொடங்கியது, அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவியது. பழைய பள்ளிகளில் சுவரின் அடியில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை இருக்கும், உங்கள் பள்ளியிலும் இருக்கிறதா என்று பார், இருந்தால் சுத்தம் செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடு. எழுத்தும் கணக்கும் அடிப்படையில் எல்லாருக்கும் வர வேண்டும் என்று 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்ததும் வகுப்பைப் பார்த்து இல்லை, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான். அதனால் ஐந்து வகுப்பு ஒன்றாக இருக்கிறதே என்று கவலைப்படாதே, நாலாவது படிக்கும் பெண் இரண்டாவது படிக்கும் பையனுக்குக் குச்சி எண்ணக் கற்றுக்கொடுத்தால் அவளுக்கும் கணக்கு உறுதிப்படும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எதையும் நீ செய்து காட்டாதே, அவர்களைச் செய்யவிடு, அதற்கு முன்னால் என்ன ஆகும் என்று சொல்லச் சொல். ராத்திரி முழுக்க உட்கார்ந்து தெர்மாகோலில் வெட்டி ஒட்டி, அதிகாரிகள் பார்வைக்கு வரும்போது மேஜையில் வைக்கும் துணைக்கருவியில் கற்றுக்கொண்டது அதைச் செய்த டீச்சர் மட்டும்தான். பள்ளிக்கு வந்த கற்றல் பெட்டி பீரோவில் பூட்டிக் கிடந்தால் முதல் வேலையாக அதைத் திற. உடைந்தால் உடையட்டும்.

கழித்தலை எடுத்துக்கொள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வை. 42ல் 17 போக வேண்டும், கையில் நாலு கட்டு, இரண்டு தனிக்குச்சி. ஏழு குச்சி எடு என்று மட்டும் சொல்லிவிட்டு நீ வாயைத் திறக்காமல் இரு, அதுதான் கஷ்டம், நமக்கு உடனே சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும். கொஞ்ச நேரம் முழிப்பார்கள், யாராவது ஒரு பிள்ளை ‘கட்டை அவிழ்க்கலாமா டீச்சர்?’ என்று கேட்கும். அவிழ்த்தால் மூன்று கட்டு, 12 குச்சி. மிச்சத்தை அவர்களே முடித்து 25 என்று சொல்வார்கள். பக்கத்தில் கடன் வாங்கு, கடன் வாங்கு என்று பலகையில் எத்தனை தடவை சொன்னாலும் புரியாதது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றும்போது புரிந்துவிடும்.

அதே போல பச்சைப்பயறு. மூன்று கொட்டாங்குச்சியில் மண் போட்டு ஊன்றச் சொல், ஒன்றை வெளிச்சத்தில், ஒன்றை இருட்டில், ஒன்றைத் தண்ணீர் ஊற்றாமல் வைக்கட்டும். எது உயரமாக வளரும் என்று முதலிலேயே ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். வெளிச்சத்தில் இருப்பதுதான் என்று பெரும்பாலும் எழுதுவார்கள், ஒரு வாரத்தில் இருட்டில் வைத்தது வெளுத்துப்போய் நெட்டையாக நிற்கும், அப்போது வரும் சண்டையைப் பார்க்க வேண்டும் நீ! அதை அவசரப்பட்டு முடித்து வைக்காதே. தண்டைத் தொட்டுப் பார்க்கட்டும், இலையின் நிறத்தைப் பார்க்கட்டும், இருட்டுச் செடியை வெளியே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்பார்கள்.

அளவைப் பாடத்துக்குச் சத்துணவு அக்காவிடம் பேசு. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அப்படியானால் 23 பேருக்கு எவ்வளவு? கணக்குப் போட்டுவிட்டு அவர் எடை போடும்போது போய்ப் பார்க்கட்டும், இரண்டு பேர் வராத நாளில் எவ்வளவு குறையும் என்பதையும் சொல்லட்டும். அடுப்புப் பக்கம் மட்டும் விடாதே.

இன்னொரு எச்சரிக்கை, சின்னதுகள் புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், ஒண்ணாப்புக்குப் பெரிய கழற்சிக்காய் கொடு. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எண்ணுவதற்குக் கொண்டுவந்துவிடாதே, அது விஷம், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேண்டாம்.

பாடக்குறிப்பு எழுத வேண்டும், பதிவேற்ற வேண்டும், எல்லாம் எனக்கும் தெரியும். தினமும் எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு வைக்க யாராலும் முடியாது. நாளுக்கு ஒன்று, அரை மணி நேரம், அவ்வளவு போதும். ஒரு செயல்பாட்டையே நாலு நாள் நீட்டினாலும் தப்பில்லை, அவசரமாக நாலு செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு நிழலை அளக்க ஆரம்பித்துவிடு. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் நாட்களுக்குள் நம் மாநிலத்து ஊர்களில் ஒவ்வொன்றாகச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், வடக்கே முதலில், தெற்கே கடைசியில். அன்றைக்குப் பகல் 12 மணி தாண்டிப் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் ஒரு நேரத்தில் கம்புக்கு நிழலே இருக்காது. எந்த நாள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதே, தினமும் அளந்து எழுதி அவர்களே கண்டுபிடிக்கட்டும், மேகம் மூடிய நாளுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நாள் தொடரட்டும். ஒரு மீட்டர் கம்பு எடு, எங்கள் பள்ளியிலும் அதே உயரத்தில் நடுகிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து அளவுகளை உன் பிள்ளைகளே போனில் எங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும்.

அன்புடன்,
அக்கா