நான்கு லேன் கார்டும் ஆளில்லாத டிரைவரும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர், கேமிங் சென்டர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கிராபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் இந்திய அலுவலகம்.

பொருள்: தங்களிடம் வாங்கிய எட்டு கிராபிக்ஸ் கார்டுகளின் செயல்திறன் குறைபாடு, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவு இன்மை – கார்டுகளைத் திரும்பப் பெற்றுப் பணம் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கல்லூரிகள் நிறைந்த இந்த ஊரில் சிறிய கேமிங் சென்டர் ஒன்றை நடத்துகிறேன். கடையில் உள்ள எட்டுக் கணினிகளில் தங்கள் நிறுவனத்தின் 4 ஜிபி கார்டு இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில், தங்களால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கியவை. மூன்றாண்டு வாரண்டியும் இன்னும் முடியவில்லை. கார்டு எரிந்துபோகவில்லை, விசிறி நிற்கவில்லை, திரையில் கோடு விழவில்லை. அப்படி ஏதேனும் ஆகியிருந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டு இருவரும் அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். என் புகார், நல்ல நிலையில் இருப்பதாகத் தாங்களே சான்று கொடுத்த கார்டுகளைப் பற்றியது.

தங்கள் விளம்பரத்தில் பிரபலமான கேம்களின் பெயர்களைப் போட்டு, முழு எச்டி திரையில் உயர்தர அமைப்பில் தடையில்லாமல் ஓடும் என்று பட்டைப் பட்டையாக வரைபடம் காட்டியிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். என் கடையில் நடப்பது வேறு. கார் பந்தயத்தில் வளைவு திரும்பும்போது படம் ஒரு நொடி உறைந்து நிற்கிறது. மீண்டும் ஓடத் தொடங்கும்போது கார் சுவரில் மோதி நிற்கிறது. ஜிடிஏ 5-இல் ஊருக்குள் வேகமாகப் போனால் கட்டடங்கள் முதலில் களிமண் பொம்மையாக வருகின்றன, பிறகுதான் அவற்றுக்கு ஜன்னலும் நிறமும் வந்து சேர்கின்றன. நொடிக்குத் திரையில் வரும் படங்களின் (பிரேம்) சராசரி எண்ணிக்கையைப் பார்த்தால் தங்கள் வரைபடத்துக்கு வெகு தூரமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாடுகிறவன் சராசரியில் விளையாடுவதில்லை. அறுபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று இருபதுக்குக் கீழே சரிகிற அந்தக் கணத்தில்தான் அவன் சுடப்படுகிறான். எழுந்து வந்து என்னிடம் காசைத் திருப்பிக் கேட்கிறான்.

காரணத்தைத் தங்கள் சேவை மையம் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், கார்டு மதர்போர்டோடு எந்த வேகத்தில் பேசுகிறது என்பது ஒரு கட்டத்தில் தெரியும். எட்டுக் கணினிகளிலும் ஒரே விடைதான்: பிசிஐஇ 3.0, நான்கு லேன். பிசிஐஇ என்பது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழி, 3.0 அதன் தலைமுறை, லேன் என்பது அந்த வழியில் உள்ள தடம். கார்டைச் செருகும் ஸ்லாட்டில் இருப்பது பதினாறு லேன். சந்தேகம் தீராமல் ஒரு கார்டைக் கழற்றி மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஸ்லாட்டில் செருகும் விளிம்பு முழு நீளத்துக்கு இருக்கிறது. ஆனால் அந்த விளிம்பை ஒட்டி, ஒரு லேனுக்கு இரண்டு வீதம் இருக்க வேண்டிய கடுகளவு கெப்பாசிட்டர்கள் மொத்தமே எட்டுதான். பதினாறு லேன் கார்டில் அங்கே முப்பத்திரண்டு இருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் பதினாறு கதவு என்று சொல்லிவிட்டு, நான்கைத் திறந்து வைத்து மீதியைச் சுவரில் வரைந்து வைத்தது போல இருந்தது.

நான்கு லேன் வைத்ததே குற்றம் என்று நான் வாதிடவில்லை. விலையைக் குறைக்க எங்காவது கை வைக்கத்தான் வேண்டும். பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் நான்கு லேன் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி தரவு போகும், ஓரளவு சமாளிக்கலாம். 3.0 ஸ்லாட்டில் அதுவே 4 ஜிபியாகப் பாதியாகிவிடுகிறது. அதே 3.0 ஸ்லாட்டில் பதினாறு லேன் கார்டுக்கு 16 ஜிபி கிடைக்கும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பிவிட்டால், மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் இந்தக் குறுகிய வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். கார்டு தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு நூறு ஜிபிக்கு மேல் பேசுகிறது. ரேமோடு பேசுவதற்கு நான்கே ஜிபி. படம் உறைவதும், கட்டடம் களிமண்ணாக வருவதும் இதனால்தான். கார்டில் நினைவகம் குறைவு என்பதால்தான் வழி அகலமாக இருக்க வேண்டும். தாங்கள் இரண்டையும் ஒரே கார்டில் குறைத்திருக்கிறீர்கள்.

யாருக்கு இந்தக் கார்டை விற்கிறீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். புதிய கணினிக்கு லட்சம் ரூபாய் செலவழிக்கிறவர் இந்தக் கார்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இருக்கிற பழைய கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்க நினைக்கிறவர்தான் வாங்குகிறார். என் கடையில் இருப்பவை எச்410 மதர்போர்டும் பத்தாம் தலைமுறை ஐ3 பிராசஸரும். அவற்றில் 3.0 மட்டுமே உண்டு, இன்டெலில் 4.0 வந்ததே பதினோராம் தலைமுறையில்தான். சரி, அவை பழையவை என்று தள்ளிவிடலாம். சிக்கன விலையில் புதிதாகக் கணினி கட்டுகிற எத்தனையோ பேர் வாங்கிய ரைசன் 5 5600ஜி பிராசஸரிலும் 3.0 தான். 4.0 ஆதரிக்கும் பி550 போர்டில் பொருத்தினாலும் அது மாறாது. ஆக, இந்தக் கார்டு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுடைய கணினிகளில்தான் இது தடுமாறுகிறது. பெட்டியின் நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். விசிறியின் இறக்கை வளைவுக்குக்கூட ஒரு பெயர் வைத்து அச்சிட்டிருக்கிறீர்கள். ‘பிசிஐஇ 4.0’ என்றும் இருக்கிறது. எத்தனை லேன் என்பது எங்கும் இல்லை. விளம்பர வரைபடத்தின் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், சோதனைக்குப் பயன்படுத்திய பிராசஸரின் பெயர் இருக்கிறது: என் கணினி முழுவதின் விலையைவிட அந்த ஒரு பிராசஸரின் விலை அதிகம்.

விவரத்தை மறைத்து விற்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 2018-இல் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள கார்டும் டிடிஆர்4 நினைவகம் உள்ள கார்டும் விற்கப்பட்டன. நினைவக வேகம் முதலாவதில் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8 ஜிபி. அதில்கூட நினைவக வகையைத் தேடிப் பார்த்து வாங்க ஒரு வழி இருந்தது. தங்கள் பெட்டியில் தேடுவதற்கும் ஒன்றுமில்லை.

இனி டிரைவர். கடையில் அதிகம் ஓடுவது வலோரன்டும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-உம். இவை கார்டின் நினைவகத்தை நிரப்புகிற கேம்கள் அல்ல; தொடக்கத்தில் நன்றாகவே ஓடின. பிறகு வந்த ஒரு டிரைவர் பதிப்பிலிருந்து, ஆட்டத்தின் நடுவே திரை கறுத்து, கேம் மூடிக்கொண்டு, டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் 4101 என்ற எண்ணோடு ஒரே குறிப்பு: டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, மீட்டெடுக்கப்பட்டது. கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்ல விண்டோஸ் இரண்டு நொடி பொறுக்கும். அதற்கு மேல் போனால் டிரைவரை மறுபடி தொடங்கிவிடும். அந்த இரண்டு நொடிக்குள் தங்கள் கார்டால் பதில் சொல்ல முடியவில்லை. தரவரிசைப் போட்டியின் நடுவே இப்படி வெளியேற்றப்படுகிற பையனுக்குத் தோல்வி மட்டுமல்ல, பாதியில் ஓடிவிட்டான் என்று அந்த கேமே தண்டனையும் கொடுக்கிறது. அவன் திட்டுவது தங்களை அல்ல.

இதற்குத் தங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பழைய டிரைவரைச் சேஃப் மோடில் முழுவதுமாக நீக்கிப் புதிதாக நிறுவுங்கள் என்றார்கள், செய்தேன். மதர்போர்டு பயாஸைப் புதுப்பியுங்கள் என்றார்கள், செய்தேன். விண்டோஸையே மறுபடி நிறுவச் சொன்னார்கள். எட்டுக் கணினிகளிலும் கேம்களை மீண்டும் தரவிறக்குவதென்றால் என்ன என்று கேமிங் சென்டர் நடத்துகிறவருக்குத்தான் தெரியும். அதையும் செய்தேன். பிறகு எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வாட் என்று கேட்டார்கள். தனி மின்கம்பி செருக இடமே இல்லாத கார்டு இது. ஸ்லாட் தருகிற அதிகபட்ச 75 வாட்டுக்குள்தான் இது ஓட வேண்டும். இதைத் தங்கள் தயாரிப்பைப் பற்றித் தங்கள் ஊழியருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாக, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு நொடியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை. கூட்டிப் பார்த்தேன். முன்பு இரண்டு நொடி கறுத்த திரை இப்போது எட்டு நொடி கறுத்திருக்கிறது.

பழைய, ஒழுங்காக ஓடிய டிரைவருக்கே திரும்பிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தங்கள் இணையதளத்தில் இந்தக் கார்டின் பக்கத்தில் இருப்பது அது வெளியானபோது போட்ட முதல் பதிப்பு மட்டும். அது கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வருவதற்கு, அதாவது 2023 செப்டம்பருக்கு, முந்தையது. பெட்டிக்குள் ஒரு டிவிடி வேறு வைத்திருக்கிறீர்கள். டிவிடி டிரைவ் உள்ள கணினி என் கடையில் ஒன்றுகூட இல்லை. வேறெங்கோ தேடிப் பிடித்து ஒரு பதிப்பை நிறுவினால், மறுநாள் காலை கடை திறக்கும்போது விண்டோஸ் அப்டேட் தன் விருப்பப்படி இன்னொன்றைப் போட்டு வைத்திருக்கிறது. அதைத் தடுக்கும் முறையையும் நானே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டிய பதில் இது: டிரைவர் எழுதுவது சிப் தயாரிப்பாளரின் வேலை, அவர்களிடம் கேளுங்கள். சிப் தயாரிப்பாளருக்கு எழுதினால், கார்டை யார் விற்றாரோ அவரிடம் கேளுங்கள் என்று பதில் வருகிறது. சிப் ஒருவருடையது, பலகையும் விசிறியும் தங்களுடையது என்ற ஏற்பாடு எனக்கும் தெரியும். ஆனால் பில்லில் இருப்பது தங்கள் கார்டின் பெயர். விளம்பரத்தில் ‘தொடர்ந்து மேம்படும் டிரைவர்’ என்று எழுதியதும் தாங்கள்தான். சிப் தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவை அணுகத் தங்களுக்கு வாசல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் இருக்கிற எனக்கு இல்லை.

சிக்கன விலைக் கார்டுக்கு இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று தாங்கள் சொல்லக்கூடும். என் கவுன்டர் கணினியில் 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று இருக்கிறது. அதுவும் 4 ஜிபி, அதுவும் 75 வாட். ஆனால் பதினாறு லேன். அதற்கு 2025 அக்டோபர் வரை, ஒன்பது ஆண்டுகள், புதிய கேம்களுக்கான டிரைவர் வந்துகொண்டிருந்தது. யாரையும் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மலிவான கார்டையும் ஒழுங்காகக் கவனிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் கவுன்டரை விட்டு எழுந்தால் அந்தக் கணினியில் உட்காரப் பையன்கள் போட்டி போடுகிறார்கள். தங்கள் கார்டு உள்ள கணினிகள் காலியாக இருக்கும்போதே.

சேவை மையத்துக்கு இரண்டு கார்டுகளைக் கூரியரில், என் செலவில், அனுப்பினேன். ‘சோதித்தோம், குறை எதுவும் இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வந்தன. எந்தக் கணினியில் வைத்துச் சோதித்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். 4.0 ஸ்லாட் உள்ள புதிய கணினி. குறை எப்படித் தெரியும்?

இதோடு, தாங்கள் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலில், வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கிய கார்டுகளுக்கு இந்தப் புகார் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் தன் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. கடையைத் திறப்பதும் பெருக்குவதும் கணினியைக் கழற்றி மாட்டுவதும் நான்தான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எட்டுக் கார்டுகளின் விலையும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு வெகு கீழே. எனவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்ய எனக்குக் கட்டணமும் இல்லை. தங்கள் அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். எட்டுக் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு பில் தொகையைத் திருப்பித் தாருங்கள். வேறு மாடல் தருவதாக இருந்தால் அது குறைந்தது எட்டு லேன் உள்ளதாக இருக்க வேண்டும், பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் சோதித்த முடிவையும் எழுத்தில் தர வேண்டும். இந்த மாடல் கடைகளில் விற்கும்வரை பெட்டியின் மேல் லேன் எண்ணிக்கையை அச்சிடுங்கள். ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலும் போதும். ஒழுங்காக ஓடிய பழைய டிரைவர் பதிப்புகளைத் தங்கள் இணையதளத்தில் போட்டு வையுங்கள். இந்தக் கார்டுக்கு எந்த ஆண்டுவரை டிரைவர் வரும் என்பதையும் சிப் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுத்தில் தெரிவியுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு ஆணையத்துக்குப் போவேன். பதில் எழுதுகிறவர் தயவுசெய்து கோப்பைப் படித்துவிட்டு எழுதட்டும். எஸ்எம்பிஎஸ் 450 வாட். மறுபடி கேட்க வேண்டாம்.

கார்டுகளை இந்த முறை நான் கூரியர் செய்ய மாட்டேன். ஆள் அனுப்பினால், வேலைநாட்களில் காலை பதினொரு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்கும்.

இப்படிக்கு,
கேமிங் சென்டர் உரிமையாளர்

இணைப்பு: ஜிஎஸ்டி பில் நகல், வாரண்டி அட்டைகள், நிகழ்வுப் பதிவேட்டின் படங்கள், சேவை மையம் தந்த சீட்டு, இதுவரை நடந்த மின்னஞ்சல் போக்குவரத்து.