புகார் கடிதம்: 1984 டெமோ என்று விற்கப்பட்ட கேசட் குறித்து

அனுப்புநர்
ஆணைப் படிவத்தில் பெயரும் முகவரியும் கண்டுள்ள வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
இணையவழி இசைத்தட்டு மற்றும் கேசட் விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: பொஸெஸ்ட் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் முதல் டெமோ (ஆல்பத்துக்கு முன் செய்த மாதிரிப் பதிவு) எனத் தாங்கள் விற்ற கேசட், விளம்பரத்தில் கண்டவாறு இல்லாமை – தொகையைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் பதில்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். "பொஸெஸ்ட், டெத் மெட்டல், 1984 டெமோ, மாஸ்டர் டேப்பிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டது, குரோம் டேப், லிமிடெட் எடிஷன்" என்று தங்கள் தளத்தில் விளம்பரம் செய்யப்பட்டிருந்த கேசட்டை 2,400 ரூபாய் செலுத்தி வாங்கினேன். மாஸ்டர் டேப் என்பது முதன்முதலில் பதிந்த மூல டேப்; குரோம் என்பது சாதாரண டேப்பைவிட உயர்தரமான டேப் வகை. பொருள் உரிய நேரத்தில் வந்தது, உறை கிழியவில்லை, டேப் சிக்கவில்லை. ஆகவே கூரியர் மீதோ பொட்டலம் கட்டியவர் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் அந்தக் கேசட்டுக்குள் என்ன பதியப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதை மின்னஞ்சலில் தெரிவித்தபோது, "டெமோ என்றால் ஒலி இப்படித்தான் இருக்கும் சார், அண்டர்கிரவுண்ட் இசை அல்லவா" என்று தங்கள் சேவைப் பிரிவினர் பதில் எழுதியதோடு, அடுத்த கொள்முதலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றையும் அனுப்பிவைத்தார்கள். கூப்பனை நான் பயன்படுத்தப் போவதில்லை. அந்தப் பதிலை ஏற்க இயலாது என்பதற்கான காரணங்களையே இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

டெமோவின் ஒலி கரடுமுரடாக இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கரடுமுரடுக்காகத்தான் பணம் கொடுத்தேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பள்ளிப் பருவத்தைத் தாண்டாத இளைஞர்களும் இருந்த ஒரு குழு, 1984-இல் மூன்றே பாடல்களைப் பதிந்து 'டெத் மெட்டல்' என்று பெயரிட்டு வெளியிட்ட டெமோ அது. அந்தப் பெயரைப் பள்ளியில் படிக்கும்போதே யோசித்ததாகப் பாடகரும் பேஸ் கலைஞருமான ஜெஃப் பெசெரா கூறியிருக்கிறார். பின்னாளில் ஒரு முழு இசை வகைக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. அக்காலத்தில் இத்தகைய டெமோக்களைக் கடைகள் விற்கவில்லை. கடிதத்தோடு வெற்று டேப்பை அனுப்பி, நகலெடுத்துத் திரும்பப் பெற்று, அதிலிருந்து இன்னொருவருக்கு நகல் எடுத்துக் கொடுத்து, தபால் வழியாகவே நாடு நாடாகப் பரவியவை அவை. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், சிம்பலின் ஓசை கொஞ்சம் மழுங்கும். பல கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த பழைய நகல் ஒன்றும் அப்படிப்பட்டதே. மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்தது என்று தாங்கள் விளம்பரம் செய்ததால்தான், கையில் நகல் இருந்தும் இதை வாங்கினேன்.

இனி குறைகளுக்கு வருகிறேன். அவற்றுள் பெரியது இரண்டாவது பாடல். தங்கள் கேசட்டில் 'ஈவில் வாரியர்ஸ்' என்று இருப்பது 1984 டெமோவின் பதிவே அல்ல. அது, அடுத்த ஆண்டு வெளிவந்த 'செவன் சர்ச்சஸ்' என்ற முழு ஆல்பத்தில் உள்ள பதிவு. அந்த ஆல்பம் 1985-ஆம் ஆண்டு பள்ளி வசந்த விடுமுறையின்போது, கலிபோர்னியாவின் கோடாட்டி என்ற ஊரில் உள்ள பிரெய்ரி சன் ஸ்டுடியோவில், ராண்டி பர்ன்ஸின் தயாரிப்பில் பதிவானது. டெமோவின் மூன்று பாடல்களும் அதில் மறுபடி பதியப்பட்டன என்பதால், பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஒரே பாடலை ஒரு குழு இரண்டு முறை வாசித்தால் டிரம்ஸின் அடிகள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்துவதில்லை. தங்கள் கேசட்டின் பாடலையும் என்னிடமுள்ள ஆல்பத்தின் பாடலையும் கணினியில் அடுத்தடுத்த வரிகளாக வைத்துப் பார்த்தேன். கடைசி அடி வரை பொருந்துகின்றன. கிதார் தனி வாசிப்பிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. என்னிடமுள்ள பழைய நகலிலோ வாசிப்பே வேறு.

இதைவிட என்னை வருத்தியது, அந்தப் பாடலைப் பழையதாகக் காட்ட எடுத்துக்கொண்ட முயற்சி. பாடல் தொடங்குவதற்குச் சற்று முன் 'உஸ்' என்ற இரைச்சல் திடீரென்று எழுகிறது. பாடல் முடிந்ததும், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அதே வேகத்தில் நின்று விடுகிறது. டேப்பின் இயல்பான இரைச்சல் பாடலுக்கு ஏற்ப வந்து போவதில்லை. டேப் ஓடும் வரை அதுவும் ஓடும். ஆக, சுத்தமான ஸ்டுடியோப் பதிவு ஒன்றின்மேல் இரைச்சலைத் தனியே பூசி, டெமோ என்ற பெயரில் எனக்கு விற்றிருக்கிறீர்கள். தங்களுக்குக் கிடைத்த மூலப் பிரதியில் அந்த இடம் பழுதடைந்திருக்கலாம். அப்படியானால், "இரண்டாவது பாடல் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதும்; என்னைப் போன்றவர்கள் அப்போதும் வாங்கியிருப்போம்.

மற்ற இரு பாடல்களான 'டெத் மெட்டல்', 'பர்னிங் இன் ஹெல்' ஆகியவை டெமோவின் வாசிப்புகள்தாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவை ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்து ஒலிக்கும் அளவுக்கு வேகமாக ஓடுகின்றன. என் டெக்கின் (கேசட் ஓட்டும் கருவியின்) வேகத்தில் பிழை இருக்கக்கூடும் என்று தங்கள் பிரிவினர் எழுதியிருந்ததால், 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை டேப்பை ஓட்டி டெக்கைச் சரிபார்த்த பின்பே இதை எழுதுகிறேன். டெக்கில் பிழை இல்லை. அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் அங்கே செய்த பதிவில் விழுந்தால், அது 60-இலும் அதன் மடங்குகளிலும்தான் விழும். தங்கள் கேசட்டில் கிதார் ஓய்ந்திருக்கும் இடங்களில் அந்த ரீங்காரம் 64 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது, அதாவது ஆறு சதவீதத்துக்கும் மேல் வேகம். அதன் கீழேயே 50 ஹெர்ட்ஸில் இன்னொரு ரீங்காரமும் கேட்கிறது. 50 ஹெர்ட்ஸ் நம் ஊர் மின்சாரம். என் டெக்கை வெற்று டேப்புடன் ஓட்டினால் அந்த ஒலி வருவதில்லை என்பதால், நகலெடுத்த இடத்தில் எர்த் இணைப்பு சரியில்லாத ஏதோ ஒரு கருவியிலிருந்துதான் அது நுழைந்திருக்க வேண்டும். இரண்டாவது பாடல் ஓடும்போது மேலே உள்ள ரீங்காரம் மறைந்து 50 மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பாடல் வேறிடத்திலிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. மாஸ்டர் டேப்பை முறையாகக் கையாளத் தெரிந்தவர் செய்த வேலை இது என்று என்னால் நம்ப முடியவில்லை. மாஸ்டர் டேப் ஒன்று தங்களிடம் இருந்ததா என்பதே என் ஐயம்.

குரோம் டேப் என்ற உறுதிமொழியும் பொய்யாகியிருக்கிறது. குரோம் கேசட்டின் மேல் விளிம்பில் வழக்கமாக இருக்கும் கூடுதல் குழிகள் இதில் இல்லை. குரோம் டேப்பையே குழியில்லாத கூட்டில் அடைத்து, சாதாரண டேப்புக்குரிய 120 மைக்ரோசெகண்ட் முறையில் பதிந்து விற்ற நிறுவனங்களும் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. ஆனால் 'ஏ' பக்கத்து ஸ்டிக்கரின் வலது ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், கூட்டின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சான 'நார்மல்' என்ற சொல்லின் பாதி தெரிந்தது. கடையில் வாங்கிய சாதாரண வெற்றுக் கேசட்டின்மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறீர்கள். அதன் புகைப்படத்தை இணைத்துள்ளேன்.

உறைத்தாளைப் பற்றியும் ஒரு சொல். அதில் கிதார் கலைஞர்களாக மைக் டொராவோவும் லாரி லலோண்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். லலோண்ட் இந்த டெமோவுக்குப் பிறகே குழுவில் சேர்ந்தவர். டெமோவில் டொராவோவுடன் வாசித்தவர் பிரையன் மொன்டானா. ஆல்பத்தின் பெயர்ப் பட்டியலை அப்படியே பெயர்த்து ஒட்டியதால் வந்த பிழை இது என்று தோன்றுகிறது. முதல் பதிவில் உழைத்த ஒருவரின் பெயரை, அந்தப் பதிவின் மறுவெளியீட்டிலேயே காணோம் என்பது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை. பாடகர் பெசெராவின் பெயரிலும் எழுத்துப்பிழை இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

அதே உறைத்தாளில் இந்த ஒலிப்பதிவின் உரிமையாளர் யார், தயாரித்தவர் யார், முதலில் வெளியான ஆண்டு எது, யாருடைய அனுமதியுடன் இது வெளியிடப்படுகிறது என்ற விவரம் ஒன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும் ஒலிப்பதிவின் மீதும் அதன் உறையின் மீதும் இருக்க வேண்டும் என்கிறது. நாற்பது ஆண்டுகள் கடந்தால் கேட்பாரற்றது என்று யாரும் நினைத்துவிட முடியாது. ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு அறுபது ஆண்டுகள். இசைக்குழுவின் அனுமதி தங்களிடம் இருந்தால் அதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால், என் பணத்தில் ஒரு பைசாகூட அந்தக் கலைஞர்களைச் சென்றடையவில்லை என்று பொருள். அறிந்திருந்தால் இதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

"கேசட் உறை திறக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது" என்றும் தங்கள் பதிலில் எழுதியிருந்தார்கள். உறையைப் பிரிக்காமல் உள்ளே பதிந்திருப்பதை எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளையும் போலியான பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. அதே விதிகள், குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்றும் சொல்கின்றன.

எனவே, நான் செலுத்திய 2,400 ரூபாயையும் அஞ்சல் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தரவும், கேசட்டைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லவும் கோருகிறேன். பணத்துக்குப் பதிலாக வேறு கேசட்டோ கூப்பனோ எனக்கு வேண்டாம். நகலெடுக்கப் பயன்படுத்திய மூலப் பிரதி எது, அது யாரிடமிருந்து வந்தது, இரண்டாவது பாடலை மாற்றிவைத்தவர் யார் என்பவற்றுக்கு எழுத்து மூலமான விளக்கம் தேவை. 'மாஸ்டர் டேப்', 'குரோம்' ஆகிய சொற்களை விளம்பரத்திலிருந்து உடனே நீக்குவதோடு, இதே கேசட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் இரண்டாவது பாடல் டெமோவின் பதிவு அல்ல என்பதைத் தாங்களே தெரிவிக்க வேண்டும். அவர்களில் சிலர் இந்த டெமோவை முதன்முதலாகத் தங்கள் கேசட்டில்தான் கேட்டிருப்பார்கள். ஸ்டுடியோவில் பதிந்த ஆல்பப் பாடலை 1984-இன் ஒலி என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

விதியில் கண்ட ஒரு மாதத்துக்குள் தக்க தீர்வு கிடைக்காவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நான் வசிக்கும் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தவறான விளம்பரம், முறையற்ற வணிக நடைமுறை ஆகியவற்றின் பேரில் புகார் பதிவு செய்வேன். அதுவரை கேசட்டை வந்த நிலையிலேயே, ஸ்டிக்கரை மேலும் பிரிக்காமல், பத்திரமாக வைத்திருப்பேன்.

இணைப்பு: ஆணை உறுதிச் சீட்டு மற்றும் ரசீதின் நகல், விளம்பரப் பக்கத்தின் படம், ஸ்டிக்கர் ஓரத்தின் புகைப்படம், உறைத்தாளின் இருபக்க நகல், இரண்டாவது பாடலையும் ஆல்பப் பதிவையும் ஒப்பிடும் ஒலியலைப் படம், பாடல்களுக்கு இடைப்பட்ட இரைச்சலின் ஒலித்துண்டுகள், சேவைப் பிரிவின் மின்னஞ்சல் பதில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆணைப் படிவத்தில் கண்ட வாடிக்கையாளர்.