அண்ணே, அடுத்த மாதத்திலிருந்து அந்த 5,000 ரூபாய் வேண்டாம்

அண்ணே,

போனில் சொன்னால் நீங்கள் பேசிப் பேசியே என்னைச் சாய்த்துவிடுவீர்கள், நானும் "சரிண்ணே" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் இங்கே, நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பென்ஷனிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற பணம் இனி வேண்டாம். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்ட்ரைக்கில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது கைதுக்குப் பயந்து நீங்கள் சின்ன மாமா வீட்டு மாடியில் படுத்துக்கிடந்தீர்கள். நான் எங்கே இருந்தேன் என்று இந்நேரம் அண்ணி சொல்லியிருப்பாள். உங்கள் நாற்காலிகளுக்குத் தற்காலிக ஆள் எடுத்த வரிசையில், மஞ்சப்பையில் சர்டிபிகேட்டுகளோடு நின்றேன். 40 வயது, பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 15 வருஷம், மகள் பாப்பாவுக்கு எட்டு வயது. காரணம் எல்லாம் உண்மைதான். ஆனால் ‘இது அண்ணன் இடமாக இருந்தால்?’ என்று தோன்றவே இல்லை என்றால் பொய். தோன்றியது, தோன்றத் தோன்ற முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தேன்.

மாதக் கடைசியில், மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்ப்பார்கள் என்றதும் ராத்திரி பத்து மணிக்கு வந்தீர்கள். "கை நடுங்குதுடா, நீ எழுது" என்றீர்கள். ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்று என் கையெழுத்தில் எழுதினேன், நீங்கள் கீழே ஒப்பம் போட்டீர்கள். உங்கள் இடத்துக்கு வரிசையில் நின்று நான் போட்ட விண்ணப்பத்துக்குக் கொடுத்த சீட்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

மன்னித்துவிடுங்கள் அண்ணே.

ஆனால் அதற்கடுத்த ஆகஸ்ட்டில் வந்த அரசாணையையும் நினைத்துப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்கிறவனுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. உள்ளே இருந்த நீங்கள் தப்பித்தீர்கள், வாசலில் நின்றவன் தலையில் விழுந்தது. அதைப் பற்றி நீங்கள் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. எப்படித் திறப்பீர்கள், மன்னிப்புக் கடிதத்தின் மைகூடக் காயவில்லை. எழுதினவனே நான்தானே.

எனக்கு 2004இல் வாத்தியார் வேலை கிடைத்தது தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒரே தொகை. 2006 ஜூன் 1 முதல்தான் முழுச் சம்பளம். அதில் புதிய பென்ஷன் திட்டத்துக்கென்று அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தம், அரசு பங்காக அதே அளவு. 2023இல் வெளியே வந்தபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள், அத்தோடு சரி. எவ்வளவு என்று எழுத மாட்டேன், சம்பந்தி வீட்டார் படிப்பார்கள்.

உங்களுக்கு ஜிபிஎஃப் என்கிற சேமநிதி தனி, அதை வட்டியோடு வாங்கிவிட்டீர்கள். பென்ஷனுக்கென்று ஒரு ரூபாய் பிடித்ததில்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி, வருஷத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படி, 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல், உங்களுக்குப் பிறகு அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம். "நான் உழைத்த காசு" என்பீர்கள், உச்ச நீதிமன்றத்தின் 1982 நகாரா தீர்ப்பை எடுத்துப்போட்டு பென்ஷன் பிச்சை இல்லை என்பீர்கள். பிச்சை இல்லைதான். (சங்கத்து நண்பர்கள் கவனிக்க: அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும்.) ஆனால் எந்தப் பெட்டியிலும் சேர்த்துவைத்த காசு இல்லையே அது, இன்றைக்கு வசூலாகிற வரியிலிருந்துதானே வருகிறது.

இதைத்தான் போன மாதம் பாப்பா கேட்டாள். அவளுக்கு பி.எஃப். பென்ஷன். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 15,000 ரூபாய்க்குத்தான் கணக்கு, 35 வருஷம் உழைத்தாலும் மாதம் 8,000 தாண்டாது. "பெரியப்பா உங்களுக்கு அனுப்புறார், சரி. பெரியப்பாவுக்கு யாருப்பா அனுப்புறாங்க?" விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வரியை உங்கள் கை வழியாக நான் தின்கிறேன். அவள் மட்டுமா, தெருக்கோடியில் இட்லி விற்ற கிழவி சொற்ப முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறாள், தீப்பெட்டி வாங்கும்போது அவளும்தான் வரி கட்டுகிறாள்.

நீங்கள் பாசமாகத்தான் அனுப்புகிறீர்கள். நீங்கள் இல்லையென்றால் பாப்பாவின் காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்க முடியாது, அதையும் மறக்கவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி மெசேஜ் வரும்போதெல்லாம் அந்த வரிசையில்தான் போய் நிற்கிறேன்.

உயிரோடு இருப்பதைக் காட்டுகிற ஓய்வூதியர் நேர்காணலுக்கு எப்போதும்போல நானே வண்டியில் கருவூலத்துக்குக் கூட்டிப்போகிறேன். போன தடவை விரல்ரேகை விழாமல் ஒரு மணி நேரம் நின்றோம். இந்தத் தடவையாவது காலையில் கையில் தேங்காயெண்ணெய் தடவாமல் வாருங்கள்.