தருமபுரி புறநகருக்கு வராத அந்த ஒரு கிலோமீட்டர் கேபிள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தருமபுரி நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி எல்லை தொடங்கும் இடத்தில் இருக்கிற மனைப்பிரிவுகளில் குடியிருப்பவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் தெருக்களுக்கு ஃபைபர் இணையம், அதாவது கண்ணாடி இழைக் கேபிள் வழியே வரும் இணையம், வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு அலைந்ததில் எங்களுக்குப் புரிந்ததைத் தங்கள் முன் வைக்கிறேன். நகரத்தில் ஓடும் கேபிளுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். அந்த ஒரு கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை யாரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யக்கூடியவர் தாங்கள் என்பதால்தான் இந்த மடல்.

எங்கள் பகுதி ஒரு காலத்தில் ராகியும் சோளமும் விளைந்த மேட்டு நிலம். அப்புறம் மனைகளாகப் பிரிந்தது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்பதால் சாலைகளை அப்போதே ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பெங்களூரு கம்பெனி வேலையை விடாமல் சொந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று பலரும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். வீட்டு வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். மின்சாரம், தெருவிளக்கு எல்லாம் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தால், கேபிள் செல்கிறது, தோண்டாதீர்கள் என்று எழுதிய குறியீட்டுக் கற்களையும் பார்க்கலாம். ஊர்களை இணைக்கும் அந்தப் பெரிய கேபிளில் நடுவழியில் கை வைத்து இணைப்பு எடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நகருக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரை வருவதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு தடையும் கிடையாது. வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் ஃபைபர் முறையில் ஒரே ஓர் இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடுகளுக்கும், தேவைப்பட்டால் 64 வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். 20 கிலோமீட்டர் வரை அது தாங்கும். பழைய தாமிரக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் சரிந்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் எங்களை ஒதுக்கியதற்காவது ஒரு காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணமும் போய்விட்டது.

அப்படியிருந்தும் எந்தக் கம்பெனியைக் கூப்பிட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "உங்க ஏரியா நாட் ஃபீசிபிள் சார்." அதாவது, இங்கே இணைப்பு தருவது சாத்தியமில்லையாம். கொஞ்சம் விடாமல் பேசினால், கம்பம் நட அனுமதி வாங்குவது சிரமம் என்கிறார்கள். சரி என்று அனுமதி தரும் இடத்தில் போய்க் கேட்டால், இந்தப் பகுதிக்கு அனுமதி கேட்டு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கிடைக்காது என்று நினைத்து ஒருவர் கேட்கவில்லை, கேட்காததால் இன்னொருவர் கொடுக்கவில்லை. நடுவில் நிற்கிற நாங்கள் விண்ணப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கேபிள் போட உரிமம் பெற்ற நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நகரத்திலிருந்து வரும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. எங்கள் தெருக்கள் ஊராட்சிக்குச் சொந்தம். ஏற்கெனவே நிற்கிற கம்பங்கள் மின் வாரியத்துடையவை. ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று கதவுகள். நூறு வீட்டு வாடிக்கையாளர்களுக்காக மூன்று கதவையும் தட்டுவதைவிட, நகருக்குள் புதிதாக எழும்பும் ஓர் அடுக்குமாடிக்கு இணைப்பு கொடுப்பது ஒரு கம்பெனிக்கு எளிது. இதைத் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கு அது. ஆனால் அரசின் கணக்கும் அதுவாகவே இருந்துவிடக் கூடாது.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. கேபிள் பாதைக்கான அனுமதி பற்றி 2016இல் வந்த மத்திய அரசு விதிகளே, விண்ணப்பித்த 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றன. நிலத்தடிக் கேபிளுக்கு நிர்வாகக் கட்டணமாகக் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தன. இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடுவதற்கு 2022இலிருந்து தனித் தளமும் இருக்கிறது. ஆக, அனுமதி என்பது மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போக வேண்டிய விஷயம் இல்லை. யாராவது தொடங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசுத் திட்டங்கள் எங்களை ஏன் தொடாமல் போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. அதற்காகவே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அதன் கேபிள் போய்ச் சேரும் இடம் ஊராட்சி அலுவலகம். எங்களைப் போன்ற மனைப்பிரிவுகள் ஊராட்சியின் மறு ஓரத்தில், நகரத்தை ஒட்டிக் கிடக்கின்றன. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கி, கிராமப்புறத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலுக்கு நாங்கள் கிராமமா, நகரமா? நாளைக்கே எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்துவிட்டால், கிராமத் திட்டமும் கைவிட்டுப் போகும், நகரத்துக் கேபிளும் வந்திருக்காது.

இந்தக் குறையை 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தொலைபேசிக் கம்பெனிகளின் வருவாயிலிருந்து 5 சதவீதம் எடுத்துச் சேர்க்கும் நிதி ஒன்று 2002இலிருந்தே உண்டு. நாங்கள் ஒவ்வொரு மாதமும் செய்கிற ரீசார்ஜ் பணத்திலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியபோது, சேவை குறைந்த கிராமப்புறம், தொலைதூரப் பகுதிகளோடு சேவை குறைந்த நகர்ப்புறத்துக்கும் அது உரியது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எங்களைப் போன்ற இடத்துக்குக் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான வாசல் வேண்டுமா? ஆனால் ஓர் இடம் சேவை குறைந்தது என்று மாவட்டத்திலிருந்து யாராவது எழுதி அனுப்பினால்தானே மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்?

ஏட்டுக் கணக்கில் நாங்கள் சேவை குறைந்தவர்களாகத் தெரியவும் மாட்டோம். பதிவிறக்க வேகம் குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் (2 எம்பிபிஎஸ்) இருந்தால் அது பிராட்பேண்ட் என்று 2023 ஜனவரியில் வரையறுத்தார்கள். அதற்கு முன் அது 512 கேபிபிஎஸ், ஏறக்குறைய இதில் கால் பங்கு. எங்கள் செல்போனில் காலையில் அந்த 2 எம்பிபிஎஸ் கட்டாயம் வரும். இரவு எட்டு மணிக்கு வந்து பாருங்கள். டவர் ஒன்று, சுற்றிலும் இருக்கிற மனைப்பிரிவுகள் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியதும் பாடம் பார்க்கிற பிள்ளையின் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும்.

கம்பியே வேண்டாம், டவரிலிருந்து வரும் இணைப்பை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சில விற்பனையாளர்கள் வருகிறார்கள். சிலர் மாட்டியும் பார்த்தார்கள். எங்களுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு பாறைக்குன்று. ஒரு தெருவில் கிடைப்பது அடுத்த தெருவில் கிடைப்பதில்லை. அந்த டவர் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றாலும் அதற்குப் பின்னால் நல்ல ஃபைபர் இருந்தாக வேண்டும். ஆகவே இது தற்காலிகத் தீர்வு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம், இதோடு திருப்தியடையுங்கள் என்று சொன்னால் ஏற்க முடியாது.

யாருக்கு இழப்பு என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை பார்க்கிறார். கம்பி வழி இணைப்பு இருந்தால்தான் வீட்டிலிருந்து வேலை என்று அவருடைய கம்பெனி சொல்லிவிட்டது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, நகரத்திலிருக்கும் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறார். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் மாதிரித் தேர்வு நடுவில் அறுந்துபோகாமல் இருக்க விடியற்காலையில் எழுந்து எழுதுகிறார்கள். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசே இணையவழிப் படிப்புகளைக் கொடுக்கிறது. அதை வீட்டிலிருந்து பார்க்க முடியாத பிள்ளைக்கு அந்தத் திட்டத்தால் பாதிப் பயன்தான். 2020லும் 2021லும் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எங்கள் பிள்ளைகள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து வகுப்பு கவனித்தார்கள். அன்றைக்கு அது அவசரகாலம் என்று பொறுத்துக்கொண்டோம். இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019இலேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த மாவட்டத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஃபுளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் எங்களுடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பான் நிதியுதவியோடு வந்த அந்தத் திட்டத்தில், இந்தத் தெருவில் லாபம் வருமா என்று பார்த்து யாரும் குழாய் போடவில்லை. காவிரியிலிருந்து பெரிய குழாய் வந்ததோடு வேலை முடிந்தது என்றும் விட்டுவிடவில்லை. மேல்நிலைத் தொட்டிக்கும், அங்கிருந்து தெருவுக்கும் கொண்டுவந்தார்கள். கேபிள் விஷயத்திலும் கேட்பது அந்தக் கடைசித் துண்டைத்தான்.

தங்களால் செய்ய முடிந்தவை என்று நாங்கள் நம்புகிறவற்றைச் சொல்கிறேன். முதலில், ஊராட்சி, நெடுஞ்சாலைத் துறை, மின் வாரியம், டான்ஃபிநெட், இங்கே சேவை தருகிற எல்லாக் கம்பெனிகள், உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் இவர்களை ஒரே அறையில் உட்கார வையுங்கள். கேபிள் ஆபரேட்டர்களை மறக்காமல் கூப்பிட வேண்டும். எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எந்தப் பாதை, எத்தனை கம்பம், யார் விண்ணப்பிப்பது, எந்தத் தேதிக்குள் என்பது அந்தக் கூட்டத்திலேயே முடிவாகட்டும். கம்பெனி வர மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கொடுக்கட்டும். "நாட் ஃபீசிபிள்" என்று போனில் சொல்வதற்கும் ஆட்சியர் முன்னால் எழுதிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்தது, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது. எங்கள் தெருக்களில் குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை தோண்டுகிறார்கள், மூடி சிமெண்ட் சாலை போடுகிறார்கள், கொஞ்ச நாளில் வேறெதற்காவது மறுபடி வெட்டுகிறார்கள். அடுத்து எங்கே சாலை போட்டாலும், போடுவதற்கு முன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வெறுமனே புதைத்து வைக்க உத்தரவிடுங்கள். நாளைக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் சாலையைக் கிழிக்காமல் அதற்குள் கேபிளைத் தள்ளிக்கொள்ளலாம். சாலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அந்தக் குழாயின் விலை மிகச் சிறியது. புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக்கினால், எங்களுக்கு அடுத்து வீடு கட்ட வருகிறவர்கள் இப்படி மடல் எழுத வேண்டியிருக்காது.

கேபிள் வந்த பிறகு அது அறுந்தால் ஒட்ட ஆள் வேண்டும். கம்பத்தில் போகிற கேபிளை உயரமான லாரி இழுத்துவிடும், குப்பை எரிக்கிற இடத்தில் உருகிவிடும். ஃபைபரை ஒட்டுவது ஸ்பிளைசிங் மெஷின் வைத்துச் செய்கிற நுட்பமான வேலை. அரசு ஐ.டி.ஐ. முடித்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கொடுத்தால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும், எங்களுக்கும் பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திக் கேட்கிறேன். எங்கள் மனைப்பிரிவை ஒட்டி ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. எங்களுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். சர்வே எடுக்க வருகிறவர்கள் மாடி வீடுகளை எண்ணிவிட்டு, அங்கே திரும்பாமலே போய்விடுகிறார்கள். அந்தத் தெருக்களையும் சேர்த்துத்தான் வரைபடம் போட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதக் கட்டணமும் இணைப்புச் செலவும் கட்ட நாங்கள் தயார். ஆனால் கம்பம் நடும் செலவை யார் தருகிறார்களோ அவர்கள் தெருவுக்கு மட்டும் கேபிள் என்கிற பேச்சு இங்கே அடிபடுகிறது. அதற்கு நாங்கள் உடன்படவில்லை. முன்பணம் கட்ட முடிந்த தெருவுக்கு ஒரு நியாயம், முடியாத தெருவுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும்.

எங்கள் தெருக்களின் கை வரைபடம், ஒவ்வொரு கம்பமும் நிற்கிற இடம், இணைப்பு வேண்டும் என்று கையெழுத்திட்ட குடும்பங்களின் பட்டியல் ஆகியவற்றை வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொண்டுவருகிறோம். பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் சிலர் எங்களோடு வருகிறார்கள். மேலே சொன்ன கூட்டத்துக்கு ஒரு தேதியை அன்றைக்கே குறித்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி புறநகர் மனைப்பிரிவுகளில் குடியிருப்போர் சார்பில்,
அங்கே குடியிருக்கும் ஒருவர்