பாபுவுக்கு, குஞ்சப்பனை யானை விஷயமாக

கோத்தகிரி,
சித்திரை 25

அன்புள்ள பாபு,

திட்டாதே. தை மாதம் உன் பெண் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனதோடு சரி, ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே நீ தூங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பச்சைத்தேயிலை விலையை மட்டும் கேட்காதே. வாத்தியார் வீட்டுச் சந்து அப்படியேதான் இருக்கிறது, அந்தத் திண்ணையும்.

என் கால் கதை உனக்குத் தெரியாது. மாசியில் குஞ்சப்பனை நிலத்தில் மிளகுக்கொடி பார்க்கப் போனவன், சரிவில் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, இறங்கும்போதுதான். மாவுக்கட்டோடு ஆறு வாரம் கட்டிலில். படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை, டிவி சீரியல் பார்க்க மனசு ஒத்துழைக்கவில்லை. கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனபோது பையன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. ரோம் டோட்டல் வார். 2004-இல் வந்ததாம். சிரிக்காதே, பரமபதத்தில் பாம்பு கடித்ததற்கே அழுதவன் நீ.

கி.மு. 270-இல் ஆட்டம் ஆரம்பம். ஒரு முறை ஆடினால் அரை வருஷம் ஓடும். வரி போடு, சாலை போடு, படை திரட்டு. முதலில் ரோமானியக் குடும்பம் ஒன்றாகத்தான் ஆட வேண்டும். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டிலிருந்து உத்தரவு மேல் உத்தரவு வரும். எனக்கு வந்த முதல் உத்தரவு, சிசிலித் தீவில் இருக்கிற சிரக்யூஸ் ஊரைப் பிடி. பிடித்தேன். அடுத்தது, அடுத்தது என்று அரசாங்க உத்தியோகம் மாதிரியே போயிற்று. ஒருவழியாக ஜெயித்த பிறகு, ரோமுக்குப் பரம எதிரியான கார்தேஜ் நாடாகவும் ஆடலாம் என்று திறந்தது. அப்புறம் நான் வேறு ஆள். கார்தேஜின் தளபதி ஹன்னிபால்!

மலைக்காரன் என்ற திமிர் வேறு. ஹன்னிபால் கி.மு. 218-இல் 37 யானைகளோடு ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பினான். அந்தப் பக்கம் இத்தாலிச் சமவெளியில் கால் வைத்தபோது அவனிடம் மிச்சம் 20,000 காலாட்கள், 6,000 குதிரைகள். அதற்கு முன்னால் ஸ்பெயின் எல்லையில் பிரனீஸ் மலையைத் தாண்டியபோது இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இறங்குகிற இடத்தில்தான் ரொம்பக் கஷ்டப்பட்டான். பழைய பனியின்மேல் புதுப்பனி விழுந்து காலே நிற்கவில்லை. பாதை சரிந்துபோன ஓரிடத்தில் யானைகளைக் கடத்த மூன்று நாள் வழி வெட்டினார்கள். மாவுக்கட்டோடு இதைப் படித்தபோது, இறங்கும்போது விழுந்தவன் நான் ஒருவன் இல்லை என்று ஒரு ஆறுதல்.

நானும் என் யானைகளை மலை தாண்டிக் கொண்டுபோய் அரேட்டியம் என்ற ஊர் வாசலில் நிறுத்தினேன். ராத்திரி ஒரு மணி. ரோமானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பன்றிகளுக்குத் தார் பூசிக் கொளுத்திவிட்டார்கள்! கட்டுக்கதை என்று நினைக்காதே. மெகாரா என்ற கிரேக்க ஊரில் முற்றுகை போட்ட யானைகளை இப்படித்தான் விரட்டினார்களாம். என் யானைகள் மிரண்டன. திரும்பின. என் ஆட்கள் மேலேயே ஏறி மிதிக்க ஆரம்பித்துவிட்டன. ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். அவனும் முழித்துக்கொண்டுதான் இருந்தான் (பரீட்சையாம்). "கீழே ஒரு பட்டன் இருக்கு பாருங்கப்பா. அழுத்தினா பாகனே யானையைக் கொன்னுடுவான். படை தப்பிச்சிடும்" என்றான்.

இதுவும் நிஜத்தில் நடந்ததுதான் பாபு. ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ரூபால் கண்டுபிடித்த வழி என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். பாகன்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தச்சு உளி, ஒரு சுத்தியல். யானை மிரண்டு சொந்தப் படைப் பக்கம் திரும்பினால், இரண்டு காதுக்கும் நடுவில், கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் உளியை வைத்து ஓங்கி ஒரே அடி. கி.மு. 207-இல் மெட்டாரஸ் ஆற்றுப் போரில் எதிரி கொன்றதைவிடப் பாகன்கள் கொன்ற யானைகள்தான் அதிகமாம்.

பத்தாம் வகுப்பில் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? உன் வாழைப்பழக் கணக்கை விடு, அந்தப் பெரியவரைச் சொல்கிறேன். மாயாற்றில் குளிப்பாட்டிவிட்டு யானைமேல் ஏறி உட்கார்ந்து வந்தாரே. கையில் கோலும் இல்லை, அங்குசமும் இல்லை. "அண்ணா, ஸ்டியரிங் எங்கே?" என்று நீ கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே காதுக்குப் பின்னால் செருகியிருந்த கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். யானை நம் பக்கம் திரும்பியது. நீ ஓடினாய்.

உளி வைக்கிற இடம் அதுதான். பாகன் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற இடம்.

நான் அழுத்தவில்லை. யானைகள் என் படையில் பாதியை மிதித்துத் தீர்த்தன, தளபதி செத்தான், ஆறு வார உழைப்பு போயிற்று. காலையில் இவளிடம் சொன்னேன். தோசைக்கல்லைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "பொம்மை யானைக்கு இவ்வளவு இரக்கமா? போன வாரம் நிஜ யானைக்கு மனு எழுதினீங்களே, அது யாரு?"

அதுதான் விஷயம். குஞ்சப்பனையில் பலா சீசன் ஆரம்பித்துவிட்டது. ஒரு கொம்பன் தினமும் வருகிறான். என் மோட்டார் ஷெட் கதவை அப்பளமாக நொறுக்கிவிட்டான். பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு வருகிற பெண் மயிரிழையில் தப்பினாள். அவனைப் பிடித்து முகாமில் அடைக்கச் சொல்லி எல்லோரும் மனு எழுதினோம். எழுதினோம் என்ன, வாசகம் என்னுடையது. மூன்றாவது கையெழுத்தும் என்னுடையது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் எழுதியது தப்பு என்று இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்தை அடித்துவிடலாம் என்றால், கணக்குப் பிள்ளை என்னை ஊரில் நடமாட விடுவாரா? நீயே சொல். பஞ்சாயத்துப் பேச்சில் நீதான் கெட்டிக்காரன்.

மனு என் மேசை மேல்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப் போவார்கள். அதற்குள் போன் பண்ணு, ராத்திரியானாலும் சரி.

பலாப்பழம் கேட்டிருந்தாய். இந்த வருஷம் கிடையாது. நேற்று ஆள் விட்டு எல்லாக் காயையும் இறக்கிவிட்டேன், நாற்பதுக்கு மேல் இருந்தது. பால் கையெல்லாம் ஒட்டி, எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. இந்தக் காகிதத்தில் கறையாக இருப்பது அதுதான். ஒரு மூட்டை ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். தங்கச்சியைப் பொரியல் பண்ணச் சொல்.

அன்புடன்,
சிவா